செத்தவர்களையும் எழுதினேன்

இரண்டாம் உலக யுத்தம் தொடங்குவதற்குச் சில வருஷங்களுக்கு முன் மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியில் உதவி சர்ஜனாக இருந்தேன். காதில் சீழ் வடிவதை அப்போது யாரும் நோயாகவே எண்ணவில்லை. எண்ணெயைக் காய்ச்சி ஊற்றி, பஞ்சை அடைத்துக்கொண்டு வேலைக்குப் போய்விடுவார்கள். சிலருக்கு அந்தச் சீழ் எலும்பை அரித்து மூளைக்குள் இறங்கும். தலைவலி, வாந்தி, பேச்சுக் குழறல், பிறகு நினைவு தப்பிவிடும். அழகர்கோவில் பக்கத்துக் கிராமங்களிலிருந்து மாட்டுவண்டியில் கிடத்திக் கொண்டுவருவார்கள்.

மண்டையில் துளையிட்டு, சீழை வெளியேற்றி, ரப்பர் குழாய் ஒன்றை உள்ளே வைப்பேன். சில நாளில் குழாயை எடுத்துவிட வேண்டும் என்றன புத்தகங்கள். அப்படி எடுத்தபின், எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தவர்கள் மறுபடி சீழ் கட்டிச் செத்தார்கள். கோரிப்பாளையத்தில் தகரப்பெட்டி செய்துவந்த ஒருவர் அப்படித்தான் போனார். அவருக்குப் பிறகு வந்தவர்களுக்கு நான் குழாயை எடுக்கவில்லை. வாரக்கணக்கில் விட்டுவைத்து, உள்ளே குழி சுருங்கச் சுருங்கக் குழாயையும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தேன். அவர்கள் பிழைத்தார்கள்.

இதைக் கட்டுரையாக எழுதிப் பெரிய டாக்டரிடம் கொடுத்தேன். சீமையில் படித்தவர்; எனக்கு ஆபரேஷன் அறையைத் தாராளமாகத் திறந்துவிட்டவரும் அவர்தான். படித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றினார்.

"பிழைச்சவங்க போதும். மத்தவங்களை எடுத்துடு. நம்ம ஆஸ்பத்திரியில இம்புட்டுப் பேர் செத்தாங்கன்னு நாமளே அச்சடிச்சுக் கொடுக்கறதா?"

"அவங்க செத்ததைப் பார்த்துத்தான் சார் மத்தவங்களைப் பிழைக்க வச்சேன்."

"அது உனக்குத் தெரிஞ்சா போதும்."

அந்த வாரம் தகரக்காரரின் மனைவி, கணவருக்கான இத்தா துக்கக் காலம் முடிந்து, மகளின் காதைக் காட்ட வந்தார். பிள்ளைக்கும் சீழ் வடிந்தது. காதைத் துடைத்துக்கொண்டே கட்டுரையைப் பற்றிச் சொன்னேன்.

"எங்க வீட்டுக்காரரையும் எழுதியிருக்கீகளா?"

"பிழைச்சவங்களை மட்டும் எழுதச் சொல்றாங்கம்மா."

அவர் மகளின் முக்காட்டைச் சரிசெய்தார். "அப்ப அவரு எதனால செத்தாருன்னு வேற டாக்டருக்கு எப்படித் தெரியும்?"

மறுநாள், ஒரு வரியும் குறைக்காமல், என் பெயரை மட்டும் போட்டுச் சென்னைப் பத்திரிகை ஒன்றுக்கு அனுப்பினேன். அச்சில் வந்தது. வந்த கையோடு மாற்றல் உத்தரவும் வந்தது: மேற்கே, புஞ்சைக்காட்டு நடுவில், ஆபரேஷன் மேஜைகூட இல்லாத மருந்தகம்.

மன்னிப்புக் கேட்டுப் பார்க்கச் சொன்னார்கள் நண்பர்கள். என் மனைவி பாத்திரங்களை மூட்டை கட்டியபடி, "என்னத்துக்கு? அந்த ஊர்க்காரங்களுக்குக் காது இல்லையா?" என்றாள். வைத்தியர்கள் கூட்டமொன்றில், தன் தோல்வியை விளம்பரம் செய்யும் டாக்டர் என்று ஒருவர் என்னைக் காட்டிச் சிரித்தார். எழுந்து நின்று, "உங்க வார்டுல யாருமே சாகறதில்லையா?" என்று கேட்டேன். சிரிப்பு நின்றது. அதன்பின் எனக்கு அழைப்பும் நின்றது.

யுத்தம் நடந்துகொண்டிருந்தபோது, திருநெல்வேலிப் பக்கமிருந்து முன்பின் தெரியாத ஓர் இளம் சர்ஜன் என்னைத் தேடி வந்தார். பஸ் புழுதி சட்டையெல்லாம்.

"உங்க கட்டுரையில செத்தவங்களைப் பத்தின பகுதியைத்தான் சார் திரும்பத் திரும்பப் படிச்சேன். ஒரு பொம்பளைக்கு நல்லாயிருச்சுன்னு குழாயை எடுக்கப் போனேன். அந்தத் தகர வேலைக்காரருக்கு ஆனது ஞாபகம் வந்துச்சு. எடுக்கல. இப்ப அந்தம்மா நாத்து நடுது."

தங்கள் பக்கத்துச் சர்ஜன்கள் பலரும் இப்போது அப்படித்தான் குழாயை விட்டுவைக்கிறார்கள் என்றும் சொன்னார். அவர் போனபின் வெகுநேரம் வெயிலிலேயே நின்றிருந்தேன்.

அடுத்த வருஷம் மதுரைக்குப் புதிய பெரிய டாக்டர் வந்தார். கட்டுரைக்கு வருத்தம் தெரிவித்து ஒரு வரி எழுதிக் கொடுத்தால் என்னைத் திரும்ப அழைத்துக்கொள்வதாக ஆள் அனுப்பினார்.

"எழுத மாட்டேன்னு சொல்லுங்க" என்றேன்.

வந்தவர் தயங்கினார். "யோசிச்சுச் சொல்லுங்கண்ணே."

"யோசிச்சுத்தான் சொல்றேன்."

அவர் கிளம்பிப் போனார். ஊர்த் தச்சரை வரவழைத்து, மருந்தகத்துப் பின்னறைக்கு, ஆளைக் கிடத்தும் நீளத்துக்கு மேஜை ஒன்று செய்யச் சொன்னேன்.