கத்தத் தெரியாதவனின் முதல் போர்க்கப்பல்

போன ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் ஊரில் கடற்போர் நடந்தது.

மலையில் ஏது கடல் என்று கேட்காதீர்கள். கீழ் கோத்தகிரிப் பக்கம் ஓர் எஸ்டேட் குளம். தேயிலைக்கு மருந்தடிக்கத் தண்ணீர் சேர்த்து வைப்பார்கள். அதில் மூன்று போர்க்கப்பல்கள். ரிமோட்டில் ஓடுபவை. ஓடுவது மட்டுமல்ல... சுடும். நிஜமாகவே சுடும். நிஜமாகவே மூழ்கும்.

கரையில் பாதுகாப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு மூன்று பேர். மூவருக்கும் தலை நரைத்துவிட்டது. ஒருவர் பீட்டர் சார் – கப்பற்படையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்று குன்னூரில் இருப்பவர். இந்தப் பைத்தியத்தை மலைக்கு ஏற்றி வந்தவர் அவர்தான். இன்னொருவர் சோலூர் ரங்கன், கேரட் விவசாயி. மூன்றாவது, டீ ஃபேக்டரி ஃபிட்டரான நான்.

விளையாட்டு எளிது. கப்பலின் பக்கச்சுவர் மெல்லிய பால்சா மரம், நகத்தால் அழுத்தினாலே பள்ளம் விழும். பீரங்கிக்குள் சின்ன காஸ் சிலிண்டர். அது சைக்கிள் பேரிங் குண்டு அளவுக்கு இரும்புக் குண்டுகளைத் துப்பும். தண்ணீர் மட்டத்துக்குக் கீழே ஓட்டை விழுந்தால் உள்ளே இருக்கும் பம்ப் தண்ணீரை வெளியே இறைக்கும். இறைப்பதைவிட வருவது அதிகமானால்... அவ்வளவுதான்.

முப்பது வருஷமாக எதுவும் ஒழுகாமல் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. என்னைப் போய் ஒழுகுவதற்கென்றே ஒன்றைச் செய்யச் சொன்னால்? பக்கச்சுவருக்கு உள்ளே ரகசியமாக ஒரு பூச்சு கூடுதலாகக் கொடுத்தேன். பீட்டர் சார் விரலால் தட்டிப் பார்த்தார். "இது கப்பலா, பாய்லரா மூர்த்தி? பிரிங்க" என்றார். பிரித்தேன்.

அதற்கும் முன்னால் ஒரு பெரிய சிக்கல் இருந்தது. முதல் கப்பலாக எதை எடுப்பது?

பீட்டர் சார் மேஜை நிறையப் படங்களைப் பரப்பினார். எல்லாம் ஏதோ ஒரு நாட்டில் நிஜமாக ஓடிய போர்க்கப்பல்கள். அதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, நூற்று நாற்பத்து நாலில் ஒரு பங்காகச் செய்ய வேண்டும்.

"முதல் தடவைக்குப் பெருசா எடுங்க. அகலமா, கனமா. பத்து ஓட்டை விழுந்தாலும் மிதக்கும்" என்றார் பீட்டர் சார். அவரிடம் இருப்பது பெரிய பேட்டில்ஷிப்.

"அதெல்லாம் எருமைங்கண்ணே. திரும்பறதுக்குள்ள பொழுது போயிரும். வேகமா எடுங்க" என்றார் ரங்கன். அவரிடம் இருப்பது வேகமான குரூசர்.

கவனித்திருக்கிறீர்களா? ஸ்கூட்டர் வாங்கினாலும் சரி, மாடு பிடித்தாலும் சரி, பெண் பார்த்தாலும் சரி... நம்மிடம் இருப்பதைத்தான் அடுத்தவருக்குச் சிபாரிசு செய்கிறோம். நம் முடிவு சரி என்று சொல்ல இன்னொரு ஆள் கிடைக்கிறானே.

என் மனைவி கமலா ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "ஏனுங்க, இதுல எதை எடுத்தா உங்களை யாரும் பார்க்க மாட்டாங்க?"

இருபத்தாறு வருஷம் கூட வாழ்ந்தவள். அவளுக்குத் தெரியாதா?

பதிலும் என்னிடம் தயாராக இருந்தது. இருப்பதிலேயே சின்னது. ஒரே பீரங்கி கொண்ட சாம்பல் நிற டெஸ்ட்ராயர். பெரிய கப்பல்கள் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளட்டும். நான் ஓரமாக நின்று... கல்யாண வீட்டில் நிற்பேனே, அதே மாதிரி.

"சின்னக் கப்பலுக்குக் கைத்திறமை வேணும். ரெண்டு ஓட்டை போதும், உள்ள போயிரும்" என்று பீட்டர் சார் எச்சரித்தார். தலையாட்டினேன். அதையே செய்தேன். எட்டு மாதம் ஆனது.

ஆனால் படத்தில் தெரியாத ஒன்று இருந்தது. விதிமுறை.

கப்பல் அடிபட்டுவிட்டால் போரிலிருந்து விலகலாம். அதற்கு "அஞ்சு" என்று உரக்கக் கத்த வேண்டும். அதிலிருந்து ஐந்து நிமிடம் மற்றவர்கள் சுடலாம். தாக்குப்பிடித்துவிட்டால் கௌரவமாகக் கரைக்குக் கொண்டுவரலாம். கத்தாதவன் இன்னும் போரில் இருப்பதாக அர்த்தம்.

கத்துவதா? நானா? பஸ்ஸில் "இறங்கணும்" என்று சொல்லக் கூச்சப்பட்டு அடுத்த ஸ்டாப்பிலிருந்து நடந்து வருகிறவன் நான்.

முதல் ஞாயிறு மூழ்கினேன். இரண்டாவது ஞாயிறும் மூழ்கினேன். நனைந்த கப்பலை ஃபேக்டரியில் கொழுந்து வாட்டும் தொட்டியின் ஓரத்தில் வைத்து உலர்த்தினேன். அதிலிருந்து என் கப்பலில் டீ வாசம். ரங்கன் மோந்து பார்த்துவிட்டு, "இந்தத் தடவை ஸ்ட்ராங்கா இருக்குங்கண்ணே" என்றார்.

என் நிலைமையைப் பார்த்துப் பீட்டர் சார் ஒரு சலுகை கொடுத்தார். "கத்த வேண்டாம். கையைத் தூக்குங்க, நான் பார்த்துக்கறேன்."

பள்ளிக்கூடத்தில் அஞ்சாம் வகுப்போடு விட்ட பழக்கம். பரவாயில்லை, கை தூக்கத் தெரியும்.

போன ஞாயிறு கப்பல்களை இறக்கும்போது வெயில் இருந்தது. கால் மணி நேரத்தில் ரங்கனின் குரூசர் என் பக்கவாட்டில் இரண்டு ஓட்டை போட்டது. பம்ப் வேலை செய்ய ஆரம்பித்தது. கையைத் தூக்கினேன்.

அதே நேரம் பள்ளத்திலிருந்து மஞ்சு, அதாவது மூடுபனி, ஏறியது. எங்கள் ஊர் மஞ்சு தெரியுமல்லவா? கதவைச் சாத்துகிற மாதிரி வரும். பீட்டர் சார் இல்லை. ரங்கன் இல்லை. தூக்கிய என் கையே எனக்குச் சரியாகத் தெரியவில்லை.

சாம்பல் கப்பல் எங்கே போனதென்று கேட்கவும் வேண்டுமா? கடைசியாகப் பார்த்தபோது மதகுப் பக்கம் ஒதுங்கிக்கொண்டிருந்தது. அங்கே ஆள் உயரச் சேறு. போன வருஷம் ரங்கனின் பழைய கப்பல் ஒன்று அங்கே இறங்கியது, திரும்பி வரவே இல்லை. எட்டு மாத வேலை என் கண் முன்னால் – இல்லை, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் – போய்க்கொண்டிருந்தது. குண்டுகள் 'டப் டப்' என்று வேறு விழுகின்றன.

வாயைத் திறந்தேன். மூடினேன். மறுபடி திறந்தேன்.

"அஞ்சு."

என்ன சத்தம் அது? எதிர்ச் சரிவில் பட்டுத் திரும்பி வந்தது. எனக்கே தூக்கிவாரிப் போட்டது.

பிறகு ரங்கனின் குரல். "சார், நிறுத்துங்க, நிறுத்துங்க. யாரோ வெளியாள் வந்திருக்காங்க."

கண்ணாடி போடாத வெளியாள் கரைக்கு வந்தால் சுடுவதை நிறுத்தியே ஆக வேண்டும். நிறுத்திவிட்டார்கள்.

"யாருங்க அது?" என்றார் பீட்டர் சார்.

பேசாமல் இருந்திருக்கலாம். யாரும் சுடப்போவதில்லை, கப்பலை நிதானமாகக் கரைக்கு ஓட்டியிருக்கலாம். பேசாமல் இருப்பதில் எனக்கு இருக்கும் அனுபவம் யாருக்கு இருக்கிறது? ஆனால், மஞ்சுக்குள் இரண்டு பேர் வராத ஆளைத் தேடித் தடவிக்கொண்டிருக்கிறார்கள். மனசு கேட்கவில்லை.

"நாந்தானுங்க."

"நான்னா யாருங்க?"

"மூர்த்திங்க. ஃபிட்டர் மூர்த்தி."

பிறகு ரங்கன் சந்தேகத்தோடு சொன்னார். "மூர்த்தியண்ணன் பேச மாட்டாருங்களே."

பீட்டர் சார் தீர்ப்புச் சொன்னார். ஆளை அடையாளம் தெரிந்த நேரத்திலிருந்துதான் ஐந்து நிமிடக் கணக்கு. போர் மறுபடி ஆரம்பமானது.

உண்மையில் எனக்கு அது நல்ல நேரம். சின்னக் கப்பல், சாம்பல் நிறம், சுற்றிலும் மஞ்சு. என் கப்பல் எங்கே இருக்கிறதென்று யாருக்குத் தெரியும்? பம்ப் சத்தத்தை மட்டும் வைத்து மெதுவாகக் கரைப் பக்கம் திருப்பினேன். ஒரு நிமிடம். இரண்டு. மூன்று.

"ஏனுங்கண்ணே..." ரங்கன் மெதுவாகக் கூப்பிட்டார். "எந்தப் பக்கமுங்க இருக்கீங்க?"

எங்கள் ஊர்ப் பக்கத்தில் ஒருவர் இவ்வளவு மரியாதையாகக் கேட்டால் பதில் சொல்லாமல் இருக்க முடியுமா?

"மதகு தாண்டி, படிக்கட்டுப் பக்கமுங்க" என்றேன்.

'டப் டப் டப்.'

நாலரை நிமிடத்தில் மூழ்கினேன். ஒரே ஆறுதல், அது சேற்றில் அல்ல. படிக்கட்டு ஓரம், முழங்கால் தண்ணீரில். நானும் ரங்கனும் சேர்ந்துதான் தூக்கினோம்.

"ஏண்ணே, எதிரி கேட்டா இருக்கற எடத்தைச் சொல்லுவாங்களா?"

"நீங்கதான கேட்டீங்க?"

ரங்கன் சிரித்த சிரிப்பில் கப்பல் மறுபடி தண்ணீருக்குள் போகப் பார்த்தது.

முதல் போர்க்கப்பல் எடுக்கப்போகிறவர்கள் நீளம் பாருங்கள், அகலம் பாருங்கள், வேகம் பாருங்கள். அப்புறம் வீட்டில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து ஒரு தடவை கத்திப் பாருங்கள்... எப்போது வாயை மூடுவது என்பதையும் சேர்த்து.