ஒன்றுகளால் ஆன எண்

வெறும் ஒன்றுகளை வரிசையாக எழுதிக்கொண்டே போனால் வருகிற எண்கள் மீது கல்லூரியில் எனக்குப் பைத்தியம் பிடித்தது. ஐந்து ஒன்றுகள் நாற்பத்தொன்றாலும் இருநூற்று எழுபத்தொன்றாலும் உடையும். ஆறு ஒன்றுகள் தொட்டாலே உதிரும். நீளம் ஏற ஏறத்தான் திமிரும் ஏறும். நான் பிடித்துக்கொண்டதை எழுதினால் ஒரு பக்கம் கொள்ளாது. அதன் சிறு காரணிகளை முன்பே யார் யாரோ உதிர்த்துவிட்டார்கள். மிச்சம் நின்றது பகு எண் என்பது உறுதி. வேறொரு எண்ணின் பெரிய அடுக்கை அதனால் வகுத்து மீதியைப் பார்க்கும் ஒரு சோதனை உண்டு. பகா எண்ணாக இருந்தால் மீதி ஒன்று வந்தாக வேண்டும். வரவில்லை. ஆக, உடையும். எதனால் உடையும் என்பதுதான் யாருக்கும் தெரியாது.

முதுகலை முடித்து மலை மேலிருக்கும் புதூர்நாட்டுக்குத் திரும்பி வந்த எனக்கு வேலை கிடைக்கவில்லை. பெண்பிள்ளையைக் கீழே அனுப்பிப் படிக்க வைத்ததற்கு அப்பா ஊரில் நிறையப் பேச்சு வாங்கியிருந்தார். காரணியைக் கண்டுபிடிப்பவரின் பெயரை இணையத்தில் அதன் பக்கத்திலேயே போடுவார்கள். அங்கே என் பெயர் வந்துவிட்டால் அவருக்குக் காட்ட ஏதாவது இருக்கும். எனக்கு அந்த ஆசை ஒன்றுதான் மிஞ்சியிருந்தது.

பள்ளியில் கொடுத்த இலவச லேப்டாப்பில் கணக்கை ஓடவிட்டேன். அது கண்ணை மூடிக்கொண்டு ஒரு வழியைப் பொறுக்கும். காரணி சிக்காவிட்டால் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு இன்னொன்றைப் பொறுக்கும். நேற்று தோற்றது இன்றைக்கு உதவாது. தோற்றதெல்லாம் சேர்ந்து ஒரே ஒரு சேதிதான் சொல்லும்: சின்னதாக எதுவும் இல்லை போலிருக்கிறது, இனி இன்னும் கஷ்டம்.

அப்பா இதை வேறு மாதிரி புரிந்துகொண்டார். எங்கள் கொல்லையில் ஏர் ஓட்டவிடாமல் ஒரு பாறை கிடந்தது. அவர் அதன் மேல் விறகு அடுக்கி, அணையவிடாமல் எரித்து, தண்ணீர் ஊற்றிப் பிளந்தவர். நடுவில் ஆறிவிட்டால் பட்ட பாடெல்லாம் வீண். லேப்டாப்பின் அடியில் கை வைத்துப் பார்த்து, "நல்லா ஏறிக்கீது, வுடாத" என்பார். கரண்ட் போனால் என்னைவிட அவருக்குத்தான் பதற்றம். நான் திருத்தவில்லை. வீட்டில் இன்னொருவரும் அந்த எண்ணுக்காகக் காத்திருந்தது எனக்குப் பிடித்திருந்தது.

மார்கழியில் ஒரு நாள் தனியார் பள்ளி ஒன்றின் நேர்காணலுக்காக ஜீப் பிடித்துத் திருப்பத்தூர் போனேன். சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். அது எனக்குப் பழகிப்போன பதில். சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் பிளாஸ்டிக் கருகிய வாடை அடித்தது. வெளியே குளிர் அதிகம், சூடு இறங்கிவிடப் போகிறது என்று அப்பா லேப்டாப்பைத் தன் கம்பளியால் இறுக்கிச் சுற்றி வைத்திருந்தார். அது உயிரை விட்டிருந்தது. கோபப்படக்கூட எனக்குத் தெம்பில்லை.

அவர் சுவரோரம் குந்தியிருந்தார். "ஆறிடப் போவுதுன்னுதாம்மா போத்தினேன். இத்தினி நாளா ஏத்துன சூடெல்லாம் போச்சா?"

அவரைத் தேற்ற வேண்டும் என்று மட்டும் நினைத்தேன். கையில் இருந்ததோ உண்மை ஒன்றுதான்.

"ஒண்ணும் போவலப்பா. அதுல சூடு ஏறவே ஏறாது. ஒவ்வொரு வாட்டியும் மொதல்லேர்ந்துதான். நீ போத்தாம இருந்திருந்தாலும் நேத்து எங்க இருந்தமோ அங்கியேதான் இருந்திருப்போம்."

அவர் முகம் தெளிந்தது. பெருமூச்சு விட்டார். கம்பளியை உதறி மடித்துக்கொண்டே இருந்தவர் பாதியில் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். குரலில் கோபம் இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"அப்போ இத்தினி நாளா நீ இன்னாதாம்மா பண்ணிக்கினு இருந்த?"