ரெஜினாவின் ஐஸ் லொறிக்கு ரைமிங் வைத்தது

1. உழவு யந்திரத்தின் பின்னால் வந்தவர்கள்

போர் முடிந்து இரண்டு மூன்று வருடங்கள் ஆகியிருக்கும். அப்போது நான் நுரைச்சோலையில் நிஸ்தார் நானாவின் கராச்சில் தலைமை மெக்கானிக். ஒருநாள் காலை, பழைய பெற்றோல் லொறி ஒன்றை உழவு யந்திரம் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தது. முன்னால் ரேடியேட்டரில் இருந்து ஆவி பறந்தது. பின்னால் தண்ணீர் ஓடியது. பின்னால் ஓடியது ஐஸ் தண்ணீர் என்பது கிட்டப் போன பிறகுதான் தெரிந்தது. சாக்கும் உமியும் போட்டு மூடிய ஐஸ் கட்டிகள் அதற்குள் ஏற்றப்பட்டிருந்தன.

ஓட்டுநர் இருக்கையில் இருந்து ஒரு பெண் இறங்கினார். பெயர் ரெஜினா. யுத்த காலத்தில் வன்னிக் கரையில் இருந்து வந்து பள்ளிவாசல்துறையில் குடியேறியவர். படகுக்காரர்களுக்கு ஐஸ் ஏற்றிக் கொடுப்பது அவருடைய குடும்பத் தொழில். மறுபக்கத்தால் அவருடைய கணவர் அந்தோனி இறங்கினார். வலது மணிக்கட்டில் முறிவுக்குப் போட்ட பெரிய மாக்கட்டு.

"என்ன தம்பி, விழுந்ததா?" என்று கேட்டேன்.

"விழேல்லை அண்ணை. லொறி அடிச்சது" என்றார்.

"லொறி மோதினதா?"

"இல்லை, இந்த லொறிதான். ஸ்டார்ட் பண்ண முன்னுக்கு ஹாண்டில் போட்டுச் சுத்தினன். திருப்பி அடிச்சிட்டுது."

ரெஜினா குறுக்கிட்டார். "அந்த நாளில இருந்து உவர் லொறிக்கு முன்னால நடக்கவும் மாட்டார். நாங்கள் தள்ளித்தான் ஸ்டார்ட் பண்ணுறம். ஓடுறது நான்."

கதையைக் கேட்டேன். ஐஸ் ஏற்றினால் லொறி இழுக்கவில்லை என்று வேறு ஒரு மெக்கானிக்கிடம் காட்டியிருக்கிறார்கள். அவர், நெருப்பைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ரிபியூட்டரைத் திருப்பி, ரைமிங்கை, அதாவது பிளக்கில் நெருப்பு விழும் நேரத்தை, நன்றாக முன்னுக்கு வைத்துவிட்டார். லொறி பறந்தது. ஆனால் அடுத்த நாள் காலை ஹாண்டில் அடித்தபோது அந்தோனியின் மணிக்கட்டு முறிந்தது. பயந்துபோய் இன்னொருவரிடம் கொண்டுபோக, அவர் ரைமிங்கைப் பழைய இடத்துக்குப் பின்னுக்கு எடுத்துவிட்டார். இப்போது அடிக்காது. இழுக்கவும் இழுக்காது.

நிஸ்தார் நானா லொறியை ஒருமுறை சுற்றிப் பார்த்தார்.

"தங்கச்சி, இதுக்கு இனி வைத்தியம் இல்ல. கராச்சுக்குள்ள ஒரு டீசல் எஞ்சின் ஈக்கி. அத இதுக்கு இறக்குவம். ரெண்டு கிழமையில தாறன்."

"ரெண்டு கிழமையோ? நாளைக்கு ஐஸ் பிந்தினாலே வேற லொறிக்குக் குடுத்திடுவன் எண்டு படகுச் சம்மாட்டி சொல்லிப்போட்டார். அதுக்குப் பிறகு எனக்கு எஞ்சின் என்னத்துக்கு?"

சொல்லும்போது அவருடைய கைகள் சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டிருந்தன. நானா என்னைப் பார்த்தார்.

எஞ்சின் ஆறியதும் தள்ளி ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தேன். முற்றத்தில் நின்றபடி தையல் மெசின் போல ஓடியது. ரைமிங் லைற்றைப் பிடித்தேன். எஞ்சின் கப்பியில் உள்ள குறி அச்சொட்டாக இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது.

"இதுல என்ன பிழை?" என்றார் நானா.

"நிக்கேக்க இது ஒரு குறையும் சொல்லாது அண்ணை. பாரம் ஏறினாத்தான் குணம் தெரியும்" என்றார் ரெஜினா.

"அப்ப ஐஸ இறக்காதீங்க. அதோடயே போவம். நானும் வாறன்" என்றேன்.

2. சைக்கிள் முந்திய பயணம்

இருக்கையில் மூன்று பேர். நடுவில் அந்தோனி மாக்கட்டைக் குழந்தையைப் போல மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். மெதுவாகப் போகும் வரை லொறியில் குற்றம் இல்லை. ரெஜினா அக்சிலேட்டரை மிதித்தபோதுதான் விஷயம் வெளிப்பட்டது. சத்தம் கூடியது. வேகம் கூடவில்லை. புகைக்குழாய்ப் பக்கத்தில் இருந்து அனல் எங்கள் கால்களைச் சுட்டது. ரெம்பரேச்சர் முள் ஏறியது. விட்டால் இறங்கியது. மிதித்தால் மறுபடியும் ஏறியது.

பின்னால் வந்த சைக்கிள் மணியடித்து வழி கேட்டது. ஓட்டி வந்த பெரியவர் எங்களை முந்தும்போது உள்ளே எட்டிப் பார்த்து, "என்னம்மா, ஐஸா, தண்ணியா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

"பாத்தீங்களோ அண்ணை, இதுதான் எங்கட மரியாதை" என்றார் அந்தோனி. சொல்லிவிட்டு அவரே முதலில் சிரித்தார்.

எனக்கு அந்த வழியிலேயே பாதி விளங்கிவிட்டது. நெருப்பு பிந்தி விழுகிறது. அதனால்தான் பெற்றோலின் பலம் பிஸ்டனைத் தள்ளாமல் புகைக்குழாய்க்குள் போய் எரிகிறது. ஆனால் மெதுவாக ஓடும்போது நெருப்பு சரியான நேரத்தில் விழுவதை லைற்றே காட்டியது. அப்படியென்றால் பிழை, வேகம் கூடும்போது நெருப்பை முன்னுக்குக் கொண்டுவரும் பகுதியில்தான் இருக்க வேண்டும்.

துறைக்குப் போய்ச் சேர்ந்தபோது ஐஸில் ஒரு பங்கு உருகி ரோட்டில் போயிருந்தது. சம்மாட்டி மிச்சத்தைப் பார்த்தார். கோபப்படவில்லை. "பிள்ளை, நாளைக்கும் இப்பிடி எண்டா நான் மீனுக்குப் பதில் சொல்ல ஏலாது" என்று மட்டும் சொன்னார்.

3. அசையாத ரோட்டர்

கராச்சுக்கு வந்ததும் டிஸ்ரிபியூட்டர் மூடியைக் கழற்றினேன். மூடியைப் பிடிக்கும் கிளிப் ஒன்று உடைந்து, அந்த இடத்தில் ரியூப் ரப்பர் கட்டியிருந்தது. உள்ளே சுழலும் ரோட்டரை இரண்டு விரலால் பிடித்து, அது சுற்றும் பக்கமாகத் திருப்பினேன். கொஞ்சம் திரும்பி, விட்டதும் ஸ்பிரிங் இழுத்துப் பழைய இடத்துக்கு வர வேண்டும். அது அசையவில்லை.

"நானா, இங்க வந்து பாருங்க."

நானாவும் திருப்பிப் பார்த்தார். "கல்லு மாதிரி ஈக்கி."

டிஸ்ரிபியூட்டர் இருந்த நிலையைக் கீறி அடையாளம் வைத்துவிட்டுக் கழற்றினேன். பொயின்ற் இருக்கும் தட்டுக்குக் கீழே இரண்டு சிறிய இரும்பு எடைகள் இருக்கும். வேகம் கூடும்போது அவை வெளியே விரிந்து நெருப்பை முன்னுக்குத் தள்ளும். வேகம் குறைந்ததும் ஸ்பிரிங் அவற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும். இந்த லொறியில் இரண்டு எடையும் கறள் பிடித்து ஒட்டியிருந்தன. கடற்காற்றும் உப்பும் அந்த ரப்பர் கட்டிய இடுக்கால் உள்ளே போயிருந்தன.

இரண்டு மெக்கானிக்மாரும் ஏன் தோற்றார்கள் என்பது அப்போது தெளிந்தது. எடைகள் அசையாத எஞ்சினுக்கு ஒரே ஒரு ரைமிங்தான். அதை ஓட்டத்துக்கு ஏற்றபடி வைத்தால் ஸ்டார்ட் பண்ணும்போது கையை முறிக்கும். ஸ்டார்ட்டுக்கு ஏற்றபடி வைத்தால் பாரத்தில் படுத்துவிடும்.

எடைகளை மண்ணெண்ணெயில் ஊறவைத்து, எமரிப் பேப்பரால் தேய்த்து, மெல்லிய எண்ணெய் விட்டேன். ஸ்பிரிங் இரண்டும் நல்லாயிருந்தன. கிளிப்பை எங்கள் பழைய சாமான் பெட்டியில் இருந்து எடுத்தேன். பூட்டிவிட்டு ரோட்டரைத் திருப்பினேன். திரும்பியது. விட்டேன். "டிக்" என்று பழைய இடத்துக்கு வந்தது. அந்தோனி இடது கையால் தானும் ஒருமுறை திருப்பிப் பார்த்தார். பிறகு இன்னொரு முறை.

"காணும், விளையாடாதேங்கோ" என்றார் ரெஜினா.

ரைமிங்கை வைத்து இறுக்கினேன். இனி ஸ்டார்ட் பண்ண வேண்டும்.

"தள்ளுவமா?" என்று நானா கேட்டார்.

"இல்ல. ஹாண்டில் அடிப்பம்."

அந்தோனி தானாகவே நாலைந்து அடி பின்னுக்குப் போனார். ரெஜினா ஹாண்டிலைக் கையில் எடுத்துவிட்டார். "நான் அடிக்கிறன் அண்ணை. லொறி எங்கட."

"லொறி உங்கட, ரைமிங் என்ட. தாங்க" என்று வாங்கினேன்.

பயம் இல்லை என்று சொன்னால் பொய். பெருவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக வைத்து, கீழே இருந்து மேலே ஒரே இழுவை இழுத்தேன். அரைச் சுற்றில் பிடித்தது. கை கையாகவே இருந்தது. ரைமிங் லைற்றைப் பிடித்து, அக்சிலேட்டரை மிதிக்கச் சொன்னேன். சத்தம் ஏற ஏறக் குறி தன் இடத்தை விட்டு நகர்ந்து போனது. விட்டதும் திரும்பி வந்தது.

"மறுபடி மிதிங்க" என்றார் நானா. டீசல் எஞ்சின் விற்க நினைத்தவர் அந்தக் குறியைக் குனிந்து மூன்று நான்கு தரம் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். "சரி கணேசு, நம்மட எஞ்சின் இன்னும் கொஞ்ச நாள் தூங்கட்டும்."

மறுநாள் விடிந்ததும் ஐஸ் நிறைய ஏற்றிக்கொண்டு நானும் கூடவே போனேன். ரெஜினா மிதித்தார். லொறி போனது. அவ்வளவுதான் சொல்ல இருக்கிறது. ரெம்பரேச்சர் முள் நடுவில் நின்றது. படகுகள் கரையேறும்போது நாங்கள் அங்கே காத்திருந்தோம். சம்மாட்டி ஐஸில் கையை வைத்துப் பார்த்துவிட்டு, "நாளைக்கு இன்னும் கொஞ்சம் கூட ஏத்தி வா பிள்ளை" என்றார். ரெஜினா "ஓம்" என்று சொல்லிவிட்டு லொறிக்கு மறுபக்கம் போனார். திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தார்.

இப்போது வேலை பழகும் தம்பிமாருக்கு நான் சொல்வது இரண்டு விஷயம். முற்றத்தில் நின்று ஓடும் எஞ்சினை நம்பிச் சாவியைக் கொடுத்துவிடாதீர்கள். அது எந்த வேலைக்கு இருக்கிறதோ, அந்த வேலையில் போட்டுப் பாருங்கள். அடுத்தது, ஹாண்டில் உள்ள வண்டி என்றால், ரைமிங் வைத்தவர் எவரோ, முதல் ஹாண்டிலை அவரே அடிக்க வேண்டும். இந்த இரண்டாவதை மனதில் வைத்தால், திருகாணியை இறுக்கும் முன்பே கை நிதானமாகிவிடும்.