இரண்டு கித்தார், நான்கு முறை

எங்கள் தோட்டத்தில் கரண்டு கித்தார் வைத்திருந்தது அம்மாவின் தம்பி ஒருவர்தான். மாமா செம்பனைப் பழம் ஏற்றும் லோரி ஓட்டினார். எங்களோடுதான் லயத்து வீட்டில் இருந்தார். வேலை முடிந்து குளித்ததும் கித்தாரை எடுத்துவிடுவார். சத்தம் கூட்டும் பெட்டியில் வயரைச் செருகாமல் வாசித்தாலே பலகைச் சுவர் தாண்டிக் கேட்கும். மூன்று விரல் கனம்தான் இருக்கும் அந்தக் கித்தார். முகப்பில் வயலினுக்கு இருப்பதுபோல இரண்டு நெளிந்த ஓட்டைகள்.

மாமா வாசிக்கும் பேண்டில் இன்னொரு கித்தார்காரரும் இருந்தார். ஈஜோக்கிலிருந்து மோட்டார் சைக்கிளில் வருவார். அதிகம் பேசமாட்டார். அவருடைய கித்தாரும் பார்க்க அதேதான், அதே கனம், அதே ஓட்டைகள். வித்தியாசம் உள்ளே இருந்தது. மாமா ஒருநாள் டார்ச் லைட்டை ஓட்டையில் வைத்துக் காட்டினார். மாமாவின் கித்தாரில் ஒரு ஓட்டையில் அடித்த வெளிச்சம் மற்ற ஓட்டை வழியாக வெளியே வந்தது. உள்ளே வெறும் காற்று. ஈஜோக்காரருடையதில் வெளிச்சம் பாதியிலேயே நின்றுவிட்டது. நடுவில் மேலிருந்து கீழ்வரை ஒரு மரக்கட்டை ஓடியது.

ராவாங்கில் ஒரு கல்யாண வரவேற்புக்கு வாசிக்கக் கூப்பிட்டபோதுதான் எந்தக் கித்தாரின் சத்தம் நல்லது என்ற வாதம் வந்தது. கட்டை இல்லாததுதான் கனிந்து பேசும் என்றார் மாமா. சத்தத்தைக் கூட்டினால் அது ஊளையிடும், கட்டை வைத்ததுதான் நின்று பேசும் என்றார் ஈஜோக்காரர். இரண்டு ஞாயிற்றுக்கிழமை இதிலேயே போனது.

மூன்றாவது ஞாயிறு பிற்பகல், அவர்கள் வாசித்துப் பழகும் பாலர் பள்ளிக்கு அத்தை தேத்தண்ணி கொண்டுவந்தார். கூடவே நானும் போனேன். அத்தை என் அப்பாவின் தங்கை, ராவாங்கில் ரேடியோ சாமான் செய்யும் பேக்டரிக்குத் தினமும் பஸ்ஸில் போய்வந்தார். மாமாவுக்கும் அத்தைக்கும் கல்யாணம் என்று வீட்டில் எப்போதோ பேசி வைத்திருந்தார்கள். அத்தையிடம் யாரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

"நீயே கேட்டுச் சொல்லேன். தினம் பேக்டரியில ரேடியோ சத்தம் கேக்குற காது. பொய் சொல்லாது," என்றார் மாமா.

அத்தை ஜன்னல் பக்கம் திரும்பி நிற்க வேண்டும். இருவரும் இரண்டு கித்தாரையும் வாசிப்பார்கள், ஒரே மெட்டு, மொத்தம் நான்கு முறை. எண்ணிக்கை சொல்லும் வேலையை எனக்குக் கொடுத்தார்கள். எனக்கு ஒன்பது வயது. பெரிய பொறுப்பாக நினைத்துக்கொண்டேன்.

"ஒண்ணு," என்றேன். மாமா தன் கித்தாரை வாசித்தார். தொடக்கம் இனிமையாக இருந்தது. அவருக்கு அடித்து வாசித்துத்தான் பழக்கம். வேகம் ஏறியதும் பெட்டியிலிருந்து ஊ என்று ஒரு சத்தம் கிளம்பிப் பாட்டையே விழுங்கியது. இரண்டாவது, மாமா கட்டை வைத்ததை வாசித்தார். எவ்வளவு அடித்தும் அது கத்தவில்லை, ஒவ்வொரு சுரமும் நீண்டு நின்றது. மூன்றாவது, ஈஜோக்காரர் அதே கித்தாரை எடுத்தார். சுத்தமாக இருந்தது, ஆனால் கொஞ்சம் வறட்சி. நான்காவதாக மாமாவின் கித்தாரை வாங்கிக்கொண்டு, பெட்டிக்கு எதிரே நிற்காமல் பக்கவாட்டில் ஒதுங்கி நின்றார். கட்டைவிரலால் மெதுவாகத் தட்டினார். சத்தம் கித்தாருக்குள்ளேயே ஊறி, நிரம்பி, தானாக அடங்கியது.

"நாலாவது," என்றார் அத்தை, திரும்பாமலே.

"இன்னொரு தடவை கேக்குறியா?" என்றார் மாமா.

"வேணாம். யார் வாசிச்சாங்கன்னு தெரியுது. நாலாவதுதான்."

நான் குதித்தேன். "மாமா கித்தார்தான் ஜெயிச்சிருச்சு!" என்று கத்திக்கொண்டு லயம் முழுக்க ஓடினேன். திரும்பி வந்தபோது மாமா பெட்டியை அணைத்துவிட்டு வயரைச் சுற்றிக்கொண்டிருந்தார். ஈஜோக்காரர் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். தன் கித்தார் ஜெயித்தும் மாமா முகம் ஏன் வாடியிருக்கிறது என்று எனக்குப் பிடிபடவில்லை.

"தேத்தண்ணி ஆறிடும்லா, குடிங்க," என்றார் மாமா.

அடுத்த வாரம் மாமா தன் கித்தாரை ஈஜோக்காரரிடம் நீட்டினார். அவர் வாங்க மறுத்தார். "உன் கையிலதான் இது பேசுது. நான் அடிச்சு வாசிக்கிறவன், உன்னுதுதான் எனக்குத் தாங்கும்," என்று மாமா அவர் கித்தாரைத் தன் தோளில் மாட்டிக்கொண்டார். ஜெயித்த கித்தாரைக் கொடுத்துத் தோற்றதை வாங்குகிறாரே என்று அன்று நான் அவரோடு பேசவில்லை.

சில வாரங்கள் கழித்து ஈஜோக்காரர் வீட்டிலிருந்து அத்தையைப் பெண் கேட்டு வந்தார்கள். அப்பாவுக்குக் கோபம். வந்தவர்களுக்கு உட்கார நாற்காலிகூடப் போடவில்லை. மாமாதான் உள்ளிருந்து ஒவ்வொன்றாக எடுத்துவந்து போட்டார். அவர்கள் போனபின், "அவளக் கேட்டீங்களா மச்சான்? ஒரு தடவ கேளுங்க," என்றார். அப்பா கேட்டார். அத்தை என்ன சொன்னார் என்று தெரியாது. அம்மா மட்டும் அன்று அடுப்படியில் வெகுநேரம் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார்.

அத்தைக்கும் ஈஜோக்காரருக்கும் கல்யாணம் தோட்டத்து மண்டபத்தில் நடந்தது. மாமா மாலை முழுக்க வாசித்தார், ஒரு இடத்தில்கூடப் பிசகவில்லை. இடைவேளையில் மாப்பிள்ளை வீட்டு ஆட்கள் அவரைச் சுற்றி நின்று பாராட்டினார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. நடுவில் புகுந்து, அன்று நடந்ததை எல்லோருக்கும் சொன்னேன். அத்தை திரும்பி நின்றதை, மாமா வாசித்ததை, மாப்பிள்ளை வாசித்ததை, அத்தை கண்ணால் பார்க்காமலே நாலாவது என்றதை, விரல் விட்டு எண்ணிச் சொன்னேன். சிலர் சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார்.

அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து என் கையைப் பிடித்து மண்டபத்தின் பின்பக்கம் இழுத்துப்போனார். தொடையில் நன்றாகக் கிள்ளினார். ஏன் என்று சொல்லவில்லை. நான் அழுதேன். வலித்ததற்காக இல்லை. நான் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லையே என்றுதான் அழுதேன்.