விதைக்கு விட்ட ஆறு பழங்கள்

இருபது வருஷம் ரிக் வண்டியோடு ஊர் ஊராகப் போய்த் தண்ணீருக்குப் போர் போட்டவன் நான். இப்போது மல்லசமுத்திரத்துப் பக்கம் அரை ஏக்கர் நாட்டுத் தக்காளியோடு மல்லுக்கட்டுகிறேன். பாறை எவ்வளவோ தேவலை. வெயிலில் வெடித்து மானத்தை வாங்காது.

எங்கள் தக்காளி பார்க்க லட்சணமாக இருக்காது. வரிவரியாக மடிந்து, ஒரு பக்கம் சப்பையாக, கோபித்துக்கொண்ட மாமனார் முகம்போல இருக்கும். சந்தையில் வைத்தால் "இதென்னுங்க, சொத்தையா?" என்று கேட்டுவிட்டு உருண்டை ஹைபிரிட் பக்கம் நகர்ந்துவிடுவார்கள். சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஓட்டல் வைத்திருக்கும் ஒரு தம்பிக்கு மட்டும் அதன்மேல் காதல். நாலு துண்டு நறுக்கி, மேலே இரண்டு இலை போட்டு, எங்கள் ஒரு கூடையின் விலையை ஒரு தட்டுக்கு வாங்குவார். வாங்கட்டும். என்னைப் 'பாரம்பரிய விவசாயி' என்று கூப்பிடுவார். அந்தப் பேருக்கு மயங்கித்தான் நான் கெட்டேன்.

போகத்துக்கு ஆறு பழங்களை விதைக்கென்று என் மனைவி தேர்ந்தெடுத்து, காம்பில் பழைய சேலைக் கிழிசலைக் கட்டிவிடுவாள். வெடிக்காதது, வண்டியில் நசுங்காதது, புளிப்புக் குறையாதது என்று ஆறு வருஷமாகச் சலித்துச் சலித்து எடுத்த வித்து. போன வருஷத்து விதையில் ஒன்றுகூட மிச்சமில்லை, எல்லாம் மண்ணுக்குள் போயாயிற்று. கிழிசல் கட்டியதில் கை வைக்கக் கூடாது என்று எங்கள் எருமைக்குக்கூடத் தெரியும்.

அவள் தன் அண்ணன் வீட்டுக் காதுகுத்துக்குப் போயிருந்த அன்று ஓட்டல் தம்பி போன் செய்தார். "நாளைக்கு மத்தியானம் பெரிய ஆளுங்க சாப்பிட வர்றாங்கண்ணா. இருக்கறதுலயே நல்ல பழமாக் கொண்டாங்க."

இருக்கிறதிலேயே நல்லது எது என்றுதான் அவளே கிழிசல் கட்டிக் காட்டியிருக்கிறாளே! விடிந்ததும் ஆறையும் பறித்தேன். கிழிசல்களைப் பக்கத்துச் செடிகளில் இருந்த சுமாரான ஆறு பழங்களுக்கு மாற்றிக் கட்டினேன். பெரிய மூளைக்காரன் என்று என்னை நானே மெச்சிக்கொண்டு, ஓட்டலில் கொடுத்துவிட்டு வந்தேன்.

மத்தியானம் ஊரிலிருந்து வந்தவள் தோட்டத்துக்குள் போனாள். போன வேகத்தில் திரும்பினாள்.

"அந்த ஆறும் எங்கீங்க?"

"கட்டித்தான இருக்குது?"

"நான் பெத்ததை எனக்கு அடையாளந் தெரியாதுங்களா? வண்டிய எடுங்க."

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஐந்து பழங்கள் தட்டேறி, பெரிய ஆட்களின் வயிற்றுக்குள் போய்விட்டிருந்தன. ஆறாவது, போட்டோ எடுப்பதற்காக, முகப்பு மேசையில் வெள்ளைத் தட்டில் உட்கார்ந்திருந்தது. அவள் யாரையும் கேட்கவில்லை. எடுத்துவிட்டாள்.

"அக்கா, அது காட்சிக்கு வச்சதுங்க!" என்று தம்பி பதறினார்.

"சதை உங்களுதுங்க சாமி. வித்து மட்டும் எனக்கு."

ஒரு காலி டம்ளரை இழுத்தாள். பழத்தைக் கையாலேயே பிளந்து, கட்டைவிரலால் விதையை வழித்துக்கொண்டு, வெறும் சதையைத் தட்டில் வைத்தாள். பெரிய ஆட்கள் ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். அந்தப் பளபளத் தரையிலேயே ஒரு போர் போட்டு உள்ளே இறங்கிவிடலாம் போலிருந்தது எனக்கு.

விதையைப் புளிக்க வைத்தாள், அலசினாள், நிழலில் உலர்த்தினாள், நாற்றுத் தட்டில் ஊன்றினாள். அத்தனை நாளும் நேரத்துக்குச் சோறு வந்தது, குழம்பு வந்தது, பேச்சு மட்டும் வரவில்லை. சண்டை போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். எனக்குப் பயமாக இருந்தது. முளைக்காவிட்டால் அவளுடைய ஆறு வருஷத்தையும் ஒரு வெட்டிப் பெருமைக்குத் தூக்கிக் கொடுத்தவன் ஆவேன். தினமும் அவளுக்கு முன்னால் எழுந்து போய்த் தட்டைப் பார்த்தேன்.

பதின்மூன்றாம் நாள் காலையில் மண்ணைக் கீறிக்கொண்டு பச்சை தெரிந்தது. ஊருக்கே கேட்கிற மாதிரி அவளைக் கூப்பிட்டேன். வந்தாள். குனிந்து, ஒவ்வொன்றாக விரல் விட்டு எண்ணினாள்.

"டீ குடிச்சீங்களா?" என்றாள்.