சுவரைப் பார்த்து வைத்த அடுப்பு

அம்மாவின் அடுப்பைப் பளபளவென்று தேய்த்துக் மலையேற்றக் கழகக் கூடத்தின் கண்ணாடி அலமாரியில் வைத்திருந்தார்கள். வெடித்துக் கிழிந்த பக்கம் சுவரைப் பார்த்திருந்தது.

அம்மா அந்த மலையேற்றக் கழகத்தின் சமையல்காரி. பாத்திரம் கழுவத்தான் சேர்ந்தாள். ஒருமுறை சமையல்காரர் பாதி வழியில் மூச்சு வாங்கித் திரும்பிவிட, கரண்டி இவள் கைக்கு வந்தது. உச்சிக்கு ஒருநாளும் போனதில்லை. "அங்க என்ன இருக்கு, இறங்குற வழிதானே" என்பாள். கூடாரத்து வாசலில் உட்கார்ந்து, சொம்பளவு பித்தளை பெட்ரோல் அடுப்பில் பனியை உருக்குவாள். அதன் சீறலுக்கு எப்போதும் ஒரு காதை ஒதுக்கி வைத்திருப்பாள். "கத்துற வரைக்கும் பயமில்லடி. மூச்சு மாறினாத்தான் தள்ளி உட்காரணும்."

நான் கொதிகலன் பரிசோதகர் ஆனதும், "அவ பெரிய அடுப்பு, நான் சின்ன அடுப்பு" என்று தெரு முழுக்கச் சொன்னாள்.

போன மாதம் முகாமில் அந்த அடுப்பு வெடித்தது. மருத்துவமனையிலிருந்து அவள் திரும்பவில்லை.

இரங்கல் கூட்டத்தில் கழகச் செயலாளர் மைக்கில் உருகினார். "அவங்களுக்கு மலைன்னா உயிர். கடைசியில பெட்ரோல் ஊத்தும்போது கொஞ்சம் அசந்துட்டாங்க. வயசு பாருங்க."

அசந்துவிட்டாளாம். எல்லோரும் உச்சுக் கொட்டினார்கள். அந்தப் பேச்சு அப்படியே நின்றுவிட்டால் அம்மாவின் கதை அதுதான்.

எழுந்து போய் அடுப்பை எடுத்து மூடியைக் கழற்றினேன். மூடியில் சிறு துளை உண்டு. அழுத்தம் எல்லை மீறினால் திறந்து ஆவியை விடும். அந்தத் துளைமேல் ஈயப் பற்று. தேய்த்த தேய்ப்பில் அதுவும் மின்னியது.

"இதை யார் அடைச்சது சார்?"

"நான்தாம்மா. அதுக்கு முந்தின பயணத்துல பையெல்லாம் பெட்ரோல் வாடை. என் ரொட்டியில கூட. கடையில குடுத்து ஒரு பொட்டு வைக்கச் சொன்னேன்."

"அம்மாகிட்ட சொன்னீங்களா?"

"சொன்னா விடுவாங்களா? அடுப்பைத் தொட்டாலே சண்டைக்கு வருவாங்களே." சிரித்தார். முன்வரிசையும் சிரித்தது.

"இது அடுப்போட மூக்கு சார். மூச்சு விட வழியில்லாம வயிறு கிழிஞ்சிருக்கு. மூக்கைப் பொத்தினது நீங்க. அசந்தது எங்கம்மாவா?"

மைக்கை யாரும் அணைத்திருக்கவில்லை. முன்வரிசை குனிந்துகொண்டது.

"இப்ப எதுக்கும்மா இதெல்லாம்," என்றார் செயலாளர். "எல்லாருக்கும் டீ ஆறுது."

கிழிந்த பக்கம் அவர்களைப் பார்க்கும்படி அடுப்பைத் திருப்பி வைத்தேன். மூடியைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டேன்.

"குடிங்க சார்," என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.