வேலிக் கடப்பில் குளம்படி

கண்டக்குழிக்கு வெள்ளைக்காரர்கள் காற்றுக்காகத்தான் வருவார்கள். பெரிய பட்டத்தைப் பிடித்துக்கொண்டு பலகையில் கடல்மேல் ஓடுவார்கள். காற்று விழுந்தால் விடுதியில் சும்மா கிடப்பார்கள். அவர்களைச் சவாரி கொண்டுபோகலாம் என்று என் மனைவியின் தம்பி நுவரெலியாவிலிருந்து இரண்டு மட்டக்குதிரைகளை லொறியில் ஏற்றிவந்தான். எங்கள் கரையில் குதிரைச் சவாரி அப்படித்தான் தொடங்கியது. முதல்நாள் அவற்றை ஊர்க் கழுதைகள் என்று நினைத்து மட்டையால் விரட்டியவன் நான்.

மச்சான் எதையும் சும்மா செய்கிறவன் இல்லை. விடுதிக்கும் களப்பின் உப்புத்தண்ணீருக்கும் நடுவே என் தென்னங்காணி கிடக்கிறது. மகளுக்கு வீடு கட்ட வைத்திருக்கும் ஒரே துண்டு.

"காணிக்குள்ளால போனா கிட்ட, மச்சான்" என்றான்.

இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவான். இன்றைக்குக் குதிரை, நாளைக்கு விடுதியின் வான் வண்டி, பிறகு அது பாதை, பாதையென்றால் வழக்கு. "கரையால போ" என்றேன். உடனே "சரி" என்றுவிட்டான். அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. வாதாடாத மச்சானை நான் அதுவரை கண்டதில்லை.

இரண்டு கிழமைக்குள் வேலியில் ஆள் நுழைய விட்ட பின்கடப்பில் குளம்படிகள் கிடந்தன. தடி போட்டு, முள்ளும் வைத்துக் கட்டினேன். அடுத்த வெள்ளிக்கிழமை யாரோ அவிழ்த்துத் திரும்பவும் கட்டியிருந்தார்கள். முடிச்சு என்னுடையதில்லை. மச்சானைக் கேட்டேன். "அல்லாவுக்காக, நான் அந்தப் பக்கமே போகல்ல" என்றான். அவன் சத்தியம் பண்ணியதில் என் சந்தேகம் கூடியது.

மறு வெள்ளி ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் கதைக்க நிற்காமல் நேரே காணிக்கு வந்தேன். கிணற்றடியில் இரண்டு குதிரைகளும் வாளிக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றன. கயிற்றைப் பிடித்திருந்தவள் என் மகள்.

"விடுதிக் கிணறு உப்பு, வாப்பா. குதிரை மோந்துட்டுத் திரும்புது. மாமாக்கு நான் தண்ணி காட்டுறது தெரியும். எங்க எண்டு தெரியா."

"ஆரைக் கேட்டுக் கொண்டுவந்தாய்?"

"எனக்குத் தாற காணி எண்டு நீங்கதானே சொன்னீங்க."

எனக்கு வெட்கமாகிவிட்டது. அவளுக்காகக் காத்த காணியை இத்தனை நாளும் அவளிடமிருந்தே காவல் காத்திருக்கிறேன். போய்க் கடப்பின் தடிகளை ஒவ்வொன்றாக எடுத்து ஓரமாகப் போட்டேன். ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை.

"குதிரை மட்டும்தான். வான் வரப்படாது" என்றேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "என்ன வான், வாப்பா?"